நாற்காலியிலிருந்து சுவருக்கு: எண்டர்பிரைஸ் கப்பல்களின் கொடிவழி

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் நோட்டைத் திருத்துவதற்காக எடுத்தபோது கடைசிப் பக்கங்களில் கப்பல்கள் இருந்தன. தொல்காப்பியச் சொல்லதிகாரக் குறிப்புகளுக்குப் பின்னால், பென்சிலால் வரைந்த ஏழெட்டு விண்கப்பல்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு வட்டத் தட்டு, பின்னால் நீளமான இரண்டு குழாய்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி. மேலே 'எண்டர்பிரைஸ் பரம்பரை' என்று தலைப்பு. இயந்திரப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டவள் அவள். தம்பியின் படிப்புக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்பதால் தமிழ் இலக்கியத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் துறைக்கு இப்படி வந்து சேரும் பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். திட்டப்போகிறேன் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் யாரு ஓட்டினாங்க?" என்று கேட்டேன். பைக், கிர்க், ஹாரிமன், பிகார்ட் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "நடுவுல சி-யில மட்டும் ஒரு லேடி கேப்டன் மேம். ஒரே எபிசோடு. செத்துடுவாங்க."

அந்தப் பதில் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. எங்கள் குலதெய்வக் கோவில் குடமுழுக்கின்போது பங்காளிகள் சேர்ந்து ஒரு கொடிவழிப் புத்தகம் அச்சிட்டார்கள். மகன்களின் பெயருக்குக் கீழே கோடு இறங்கிக்கொண்டே போகும். மகள்களின் இடத்தில் கோடு நின்றுவிடும். என் அப்பாவின் பெயருக்குக் கீழே என் அண்ணன் பெயரும், அதன் பக்கத்தில் 'ஒரு பெண்' என்பதும் இருந்தன. முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு கவிதைத் தொகுப்புகளும் வந்திருந்த சமயம் அது.

கற்பனைக் கப்பல்களுக்கும் கொடிவழி எழுதுகிறார்கள் என்றால் அதையும் நாம் வாசித்துப் பார்க்க வேண்டும். யார் பெயருக்குக் கீழே கோடு இறங்குகிறது, யாரிடம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணத்தில்தான் ஸ்டார் ட்ரெக் தொடர்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

ஸ்டார் ட்ரெக் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. கப்பலை வரைந்தவர் மேட் ஜெஃப்ரீஸ், இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றியவர். ராக்கெட் போல இருக்கக் கூடாது, இறக்கை கூடாது, பின்னால் நெருப்புப் புகை கூடாது, ஆனால் வலிமை தெரிய வேண்டும் என்பது ராடன்பெரி அவருக்கு இட்ட கட்டளை. ஜெஃப்ரீஸ் ஓர் இயந்திரக்காரருக்கே உரிய முறையில் யோசித்தார். இவ்வளவு சக்தி வாய்ந்த எஞ்சின்கள் ஆபத்தானவை, எனவே மனிதர்கள் வாழும் பகுதியிலிருந்து அவற்றைத் தள்ளி வைத்தார். பழுது பார்ப்பவர்கள் விண்வெளிக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது, எனவே கருவிகளையெல்லாம் உள்ளே வைத்து வெளிப்புறத்தை வழுவழுப்பாக விட்டார். அமெரிக்கக் குடிமை விமானங்களின் பதிவெழுத்தாக இருந்த என்.சி.யோடு இன்னொரு சி-யைச் சேர்த்து என்.சி.சி. 1701 என்று எண் கொடுத்தார். நம் கல்லூரி என்.சி.சி.க்கும் இதற்கும் தொடர்பில்லை. 3, 6, 8, 9 ஆகிய எண்களைத் தவிர்த்ததற்குக் காரணம், தூரத்திலிருந்து பார்த்தால் அவை ஒன்றுபோல் தெரியும் என்பதுதான்.

வடிவமைப்பு என்பது அழகு பற்றியது மட்டுமில்லை என்பதை இந்த விவரங்கள் சொல்கின்றன. ஆபத்து எங்கே இருக்க வேண்டும், உழைப்பு எங்கே நடக்க வேண்டும், வெளியே எது தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு கோட்டிலும் முடிவெடுத்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் உழைப்பை உள்ளே மறைத்த பிறகுதான் கப்பலின் மேனி வழுவழுப்பாகிறது. வீட்டின் முன்னறையும் இப்படித்தான் சுத்தமாகத் தெரிகிறது. கப்பலுக்குள் பழுது பார்ப்பவர்கள் தவழ்ந்து போகும் குறுகிய வழிகளுக்கு 'ஜெஃப்ரீஸ் குழாய்' என்று கதைக்குள்ளேயே பெயர் வைத்தார்கள். வரைந்தவரின் பெயர் அப்படிக் கப்பலின் உடலிலேயே நிலைத்தது.

அதே கப்பலுக்குப் பணம் போட்டவர் ஒரு பெண். தெசிலு ஸ்டுடியோவின் தலைவர் லூசில் பால். நகைச்சுவை நடிகையாக நாடு முழுக்க அறியப்பட்டவர், 1962இல் முன்னாள் கணவரின் பங்கை வாங்கி நிறுவனத்தைத் தானே நடத்தினார். செலவைக் கண்டு நிறுவனத்தினர் தயங்கியபோதும் அவர் பின்வாங்கவில்லை என்று அப்போது உடன் பணியாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பலில் அவர் பெயரில் குழாயோ அறையோ இல்லை.

இனி நாற்காலிக்கு வருகிறேன். ஒளிபரப்பான தொடருக்கு முன்பு ஒரு முன்னோட்டப் படம் எடுத்தார்கள். அதில் கப்பல் தலைவர் பைக்குக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ஒரு பெண். மேஜல் பாரெட் நடித்த பாத்திரம். தலைவர் சிறைப்பட்டதும் கப்பலுக்குப் பொறுப்பேற்பவர் அவர்தான். அவருக்குப் பெயர் இல்லை. 'நம்பர் ஒன்' என்றுதான் அழைக்கிறார்கள். அந்தப் படத்தைத் தொலைக்காட்சி நிறுவனம் நிராகரித்து, இன்னொன்று எடுக்கச் சொன்னது. இரண்டாவது படத்தில் அந்தப் பெண் இல்லை. பெண் அதிகாரியை ஏற்க மாட்டோம் என்றார்கள் என்பது ராடன்பெரி தரப்பில் சொல்லப்பட்ட கதை. பாத்திரத்தை யாரும் எதிர்க்கவில்லை, ராடன்பெரியின் காதலி என்பதால் அந்த நடிகையைத்தான் மறுத்தார்கள் என்பது தயாரிப்பில் இருந்த மற்றவர்கள் சொன்ன கதை. எது உண்மையானாலும் விளைவு ஒன்றுதான். கப்பலின் இரண்டாம் நாற்காலியிலிருந்து பெண் எழுப்பப்பட்டாள்.

மேஜல் பாரெட் தொடரை விட்டுப் போகவில்லை. செவிலியராக வந்தார். அதைவிட முக்கியமாக, கப்பலின் கணினிக்குக் குரல் கொடுத்தார். 1966இல் தொடங்கிய அந்தப் பணி, ஒரு கப்பலிலிருந்து அடுத்த கப்பலுக்கு, ஒரு தொடரிலிருந்து அடுத்த தொடருக்கு என்று நீண்டு, அவர் 2008இல் இறந்த பிறகு வெளியான 2009 திரைப்படம் வரை வந்தது. கப்பல்களின் வடிவம் மாறியது, தலைவர்கள் மாறினார்கள். சுவரிலிருந்து வரும் குரல் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மாறவில்லை. கட்டளையிட்ட பெண்ணை நாற்காலியிலிருந்து இறக்கி, கட்டளைக்குப் பதில் சொல்லும் சுவராக்கிவிட்டார்கள். கேட்டால் மட்டும் பேசும் சுவர். கேட்டதற்கு மட்டும் பேசும் சுவர்.

முதல் தொடரில் உஹுராவின் இருக்கையையும் கவனிக்க வேண்டும். மேடை வட்ட வடிவம், நடுவில் தலைவர் நாற்காலி. தொடர்பு அதிகாரியான உஹுராவின் இடம் அந்த நாற்காலிக்குப் பின்னால். காதில் கருவியோடு, வந்த செய்தியை வாங்கிச் சொல்லும் வேலை. அந்த இடத்திலிருந்தும் நிஷெல் நிக்கோல்ஸ் செய்தது சிறிதல்ல. 1977இல் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர்களாக விண்ணப்பிக்க அழைத்துப் பயணம் செய்தார். 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள். அப்படியொரு பாத்திரத்தைத் திரையில் பார்த்ததால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கப்பலை ஆங்கிலத்தில் 'அவள்' என்பார்கள். தமிழ் வகுப்பில் இதை விளக்குவது எளிது. நமக்குக் கப்பல் அஃறிணை, ஒன்றன்பால், 'அது'. பால் பகுப்பில் பெண்பால் என்பது உயர்திணைக்கு மட்டும் உரியது. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள நமக்கு உரிமையில்லை. மண்ணையும் ஆற்றையும் மொழியையும் தாய் என்று சொல்லி, அந்தத் தாயின் பெயரால் மகள்களை அடக்கி வைத்தவர்கள்தான் நாமும். கப்பல்துறைச் செய்தித்தாளான லாயிட்ஸ் லிஸ்ட் 2002இல் கப்பலை 'அவள்' என்று எழுதும் வழக்கத்தைக் கைவிட்டது. ஸ்டார் ட்ரெக் கைவிடவில்லை.

கப்பலை அவளாகப் பார்க்கும் பார்வை எப்படிப்பட்டது என்பதற்கு 1979இல் வந்த முதல் திரைப்படத்தில் ஒரு காட்சி போதும். பழைய கப்பலைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ ப்ரோபர்ட், ரிச்சர்ட் டெய்லர் போன்றோர் ஜெஃப்ரீஸின் வடிவத்தைத் திருத்தி, குழாய்களைப் பட்டையாக்கி, தூண்களைச் சாய்த்து, மேனியெங்கும் முத்துப்போல் மினுங்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். கிர்க் ஒரு சிறு கலத்தில் அவளைச் சுற்றி வருகிறான். பல நிமிடங்கள், பேச்சு ஏறக்குறைய இல்லை. இசை மட்டும். கேமரா கப்பலின் மேல் மெதுவாக ஊர்கிறது, பிறகு கிர்க்கின் முகத்துக்குத் திரும்புகிறது, மீண்டும் கப்பலுக்குப் போகிறது. திரையில் ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் பிரிக்கப்படுவதை லாரா மல்வி 1975இல் எழுதினார். அந்தக் கட்டுரையை மாணவிகளுக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. இங்கே பெண்ணே தேவைப்படவில்லை. பார்வை மட்டும் அப்படியே இருக்கிறது.

காதலியாகக் கப்பல் இருக்கும்போது, அதைச் செலுத்த ஒரு பெண் வந்தால் என்ன செய்வது? முதல் தொடரின் கடைசிக் கதை 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பானது. கப்பல் தலைவர்களின் உலகம் பெண்ணை ஏற்பதில்லை என்று குமுறும் ஒருத்தி, கிர்க்கின் உடலுக்குள் புகுந்து அவன் நாற்காலியில் உட்காருகிறாள். கதை அவளைப் பித்துப் பிடித்தவளாகக் காட்டி முடிகிறது. தலைமையை விரும்பிய பெண்ணுக்கு நோய் என்று பெயர் வைத்துத் தொடரை மூடினார்கள்.

கப்பல் தலைவராக ஒரு பெண்ணைத் திரையில் முதலில் காட்டியது 1986இல், நான்காவது திரைப்படத்தில். சரடோகா என்ற கப்பல். நடித்தவர் மேட்ஜ் சின்க்ளேர், ஜமைக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். அவர் வரும் சில காட்சிகளில் கப்பல் சக்தியிழந்து நிற்கிறது. படத்தில் அந்தத் தலைவருக்குப் பெயர் இல்லை. அந்தக் கப்பல் வகையின் வரலாறும் சுவையானது. 1982 படத்தில் ரிலையண்ட் என்ற பெயரில் முதலில் வந்த வகை அது. தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கையெழுத்திட்டுவிட்டதால்தான் குழாய்கள் மேலே இல்லாமல் கீழே போயின என்று கலைத்துறையினர் சொல்வார்கள். தலைகீழாகப் பார்க்கப்பட்ட வடிவத்தில்தான் முதல் பெண் தலைவருக்கு இடம் கிடைத்தது.

இதற்கிடையே கொடிவழி வேறு திசையில் உறுதிப்பட்டது. 1984 படத்தில் எண்டர்பிரைஸ் அழிகிறது. 1986 படத்தின் முடிவில் அதே 1701 எண்ணோடு ஏ சேர்த்துப் புதிய கப்பல் வருகிறது. பிறகு பி, சி, டி, ஈ. மூத்தோனின் எண்ணைச் சுமந்து, தன் எழுத்தை ஓரத்தில் சேர்த்துக்கொள்ளும் மரபு. தலைப்பெழுத்தோடு பிறக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. 1987இல் தொடங்கிய தொடரில் டி கப்பலின் ஆலோசனை அறைச் சுவரில் முன்னோர் கப்பல்களின் உருவங்கள் பொன்னிறத்தில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அந்த வரிசை ஒரு விமானந்தாங்கிப் போர்க்கப்பலையும் சேர்த்துக்கொண்டது. கொடிவழியின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது.

அந்தச் சி-யின் கதை 1990இல் வந்தது. தலைவர் ரேச்சல் காரெட். காலம் திரிந்து, சி கப்பல் தன் எதிர்காலத்துக்குள் வந்துவிடுகிறது. அது திரும்பிப்போய் அழிந்தால்தான் டி கப்பலின் உலகம் சரியாகும். காரெட் திரும்பிப்போக ஒப்புக்கொள்கிறாள், அதற்குமுன் இறக்கிறாள். இந்தத் தொடரின் சிறந்த கதைகளில் ஒன்று இது, நானும் கண்கலங்கித்தான் பார்த்தேன். பிறகுதான் கோடு தெரிந்தது. எண்டர்பிரைஸ் வரிசையில் நாற்காலியில் அமர்ந்த முதல் பெண், அடுத்த ஆணின் உலகம் இருப்பதற்காகச் சாக வேண்டியவள். கொடிவழியில் அவள் இடம் தாயின் இடம்.

டி கப்பலை வரைந்தவரும் ப்ரோபர்ட்தான். முதல் கப்பல் 289 மீட்டர், 430 பேர். இது 642 மீட்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். குடும்பங்கள், குழந்தைகள், பள்ளிக்கூடம். தரையில் கம்பளம், நாற்காலிக்குப் பின்னால் மரத்தாலான வளைவு. போர்க்கப்பல் வீடாகிறது. தொடரின் முன்னுரையில் 'ஆண்' என்று பொருள்படும் சொல்லை எடுத்துவிட்டு 'எவரும்' என்று மாற்றினார்கள். ஆனால் வீடான கப்பலில் நிலைத்த பெண்கள் மருத்துவரும் மனநல ஆலோசகரும். பாதுகாப்புத் தலைவியாக இருந்தவள் முதல் பருவத்திலேயே கொல்லப்படுகிறாள். குழந்தைகளோடு பழகத் தெரியாது என்று சொல்லும் ஆண் தலைவர் நடுவில் அமர்ந்திருக்கிறார்.

1995இல் வாயேஜர் தொடங்கியது. கேட் மல்க்ரூ நடித்த கேத்தரின் ஜேன்வே ஏழு பருவங்கள், 172 பகுதிகள் நாற்காலியில் இருந்தாள். கப்பலை வரைந்தவர் ரிக் ஸ்டெர்ன்பாக். 344 மீட்டர், 15 தளங்கள். முதலில் கூர்மையாக இருந்த வடிவத்தைப் பின்னர் வளைவாக்கினார்கள். பெண் தலைவி என்பதால் வளைத்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பிகார்டின் கப்பல் இதைவிட வளைவானது. வடிவத்தில் பெண்மையைத் தேடினால் இப்படி ஏமாற நேரும். அறைகளின் பயன்பாட்டில் தேடினால் கிடைக்கும்.

முதல் பகுதியிலேயே ஓர் இளம் அதிகாரி அவளை 'சார்' என்கிறான். விதிப்படி அது சரிதான். அவள் அதை விரும்பவில்லை என்று சொல்கிறாள். அவசரத்துக்கு 'மேம்' பரவாயில்லை, 'கேப்டன்' என்பதே பிடிக்கும் என்கிறாள். துறைக் கூட்டங்களில் கடிதம் முழுக்க 'ஐயா' என்று தொடங்குவதை இருபது ஆண்டுகளாகப் படித்துக் கையெழுத்திட்ட எனக்கு அந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்கத் தோன்றியது.

சில பகுதிகள் கழித்து அவள் தன் தனி உணவறைக்குப் போகிறாள். அது சமையலறையாகிவிட்டிருக்கிறது. அவளைக் கேட்காமலே. முந்தைய ஆண் தலைவர்களின் தனியறை எதுவும் இப்படிச் சமையலறையாகவில்லை. 70,000 ஒளியாண்டு தொலைவில் தொலைந்துபோன கப்பல், உணவுக்கு ரேஷன், இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும் என்று கதை நியாயம் சொல்கிறது. அது உண்மைதான். பெண் தலைமைக்கு வரும்போது நிறுவனம் வறுமையில் இருப்பதும் நாம் அறிந்த உண்மைதான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்தச் சமையலறையில் கரண்டி பிடிப்பவன் ஓர் ஆண். எஞ்சின் அறையில் தலைமை ஏற்பவள் பெலானா டோரஸ் என்ற பெண். அறையைப் பறித்துக்கொண்டார்கள், வேலையை மட்டும் மாற்றிப் பங்கிட்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் வாயேஜர்.

கொடிவழி அதன் பிறகும் நீண்டது. 2017இல் வந்த டிஸ்கவரி கப்பலின் முக்கோண வடிவம், எழுபதுகளில் எடுக்கப்படாமல் போன ஒரு படத்துக்காக கென் ஆடமும் ரால்ஃப் மெக்குவாரியும் வரைந்த ஓவியங்களிலிருந்து வந்தது. கைவிடப்பட்ட வரைபடத்துக்கு நாற்பது ஆண்டு கழித்து இடம் கிடைத்ததைப் போலவே நம்பர் ஒன்னும் திரும்பி வந்தாள். இப்போது ரெபெக்கா ரோமைன் நடிக்கிறார். 'ஊனா' என்று பெயரும் இருக்கிறது. 2023இல் செவன் ஆஃப் நைன் என்ற பெண் எண்டர்பிரைஸ் ஜி-யின் நாற்காலியில் அமர்ந்தாள்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது டிஸ்கவரியின் கணினி. ஸோரா என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட குரல். 2021இல் வந்த ஒரு பகுதியில், கப்பல் போக வேண்டிய இடத்தை அது கண்டுபிடித்துவிடுகிறது. சொல்ல மறுக்கிறது. சொன்னால் குழுவினர் சாகக்கூடும் என்கிறது. அதுவரை எத்தனையோ கப்பல்களில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன சுவர், முதல்முறையாகத் தன் விருப்பத்தால் 'மாட்டேன்' என்கிறது. விசாரணை நடக்கிறது. அது உயிர் என்று ஏற்கப்படுகிறது. இந்தப் பத்தியை எழுதும்போது என் இலக்கணம் தடுமாறுவதைக் கவனித்தேன். 'மறுக்கிறது' என்று தொடங்கினேன். 'மறுக்கிறாள்' என்று எழுத வேண்டிய இடம் எது? மறுக்கும் இடம்தான். ஏவலுக்குப் பதில் சொல்லும்வரை அஃறிணை. மறுத்த கணத்தில் உயர்திணை.

ஆனாலும் முழுதாக மகிழ முடியவில்லை. அவள் மறுத்த காரணம் அன்பு. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று கதவைச் சாத்தும் தாயின் காரணம். ஏற்கப்பட்ட பிறகு அவளுக்குக் கிடைப்பது படையில் ஒரு பதவி. நாற்காலி இன்னும் நடுவிலேயே இருக்கிறது. ஜெஃப்ரீஸ் வரைந்த அந்த மேடையில் எல்லாருடைய இருக்கையும் ஒருவரைச் சுற்றி அமைந்தது. அதில் யார் அமர்வது என்று அறுபது ஆண்டுகளாகப் போராடியிருக்கிறோம். ஏன் ஒரே நாற்காலி என்று எந்த வடிவமைப்பாளரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கொடிவழி அழியாமல் இருப்பதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். முதல் தொடரை நிறுத்தப் பார்த்தபோது ஜான் ட்ரிம்பிளும் பீஜோ ட்ரிம்பிளும் ரசிகர்களைத் திரட்டிக் கடிதங்களைக் குவித்தார்கள். மூன்றாம் பருவம் வந்தது. கதைகளையும் பெயர்களையும் தொகுத்து அகரவரிசை நூலாக்கியவர் பீஜோ ட்ரிம்பிள். 1993இல் வந்த காலவரிசை நூலை எழுதியவர்களில் ஒருவர் டெனிஸ் ஒகுடா. கொடிவழியில் பெயர் இல்லாதவர்கள் கொடிவழியை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது மாணவியிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு கப்பலுக்கும் கீழே மூன்று பெயர் எழுதச் சொன்னேன். வரைந்தவர், தலைவர், குரல். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள். சரடோகாவையும் புதிதாக வரைந்து சேர்த்திருந்தாள். அதற்குக் கீழே தலைவர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.

"பேரே இல்ல மேம். எவ்வளவோ தேடினேன். நடிச்சவங்க பேர் வேணும்னா எழுதிடவா?"

"வேண்டாம்மா. அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல ஏன் இல்லன்னு எழுது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொடிவழிப் புத்தகத்தை எடுத்தேன். 'ஒரு பெண்' என்பதை அடிக்கவில்லை. அதன் கீழே ஒரு கோடு இழுத்து, என் பெயரையும் என் மகள் பெயரையும் பேனாவால் எழுதினேன்.